ஆறு டெஸ்க்டாப்பா, ஒரு சர்வரா?

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறேன். மேடையில் நேரமில்லாமல் விட்டுப்போன சில கணக்குகளையும் சேர்த்திருக்கிறேன்.)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாயசம் வேறு இரண்டு தடவை பரிமாறிவிட்டார்கள். கண் சொக்கினால் தாராளமாகத் தூங்குங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். ஆனால் கணினி ஆய்வகத்துக்கு நிதி கொடுத்தவர்கள் மட்டும் கொஞ்சம் விழித்திருந்தால் நல்லது. ஏனென்றால் நான் பேசப்போவது உங்கள் பணத்தைப் பற்றி.

காலையில் பொதுக்குழுவில் நடந்த விவாதத்தைக் கேட்டிருப்பீர்கள். ஆய்வகத்துக்கு நம் சங்கம் கணினி வாங்கித் தருவது என்று முடிவாகிவிட்டது. எதை வாங்குவது என்பதில்தான் தகராறு. "வாங்குறதுதான் வாங்குறோம், ஒரு நல்ல சர்வரா வாங்கிடலாம்ப்பா. பேரும் இருக்கும், வேகமும் இருக்கும்" என்றார் ஓர் அண்ணன். "அந்தக் காசுக்கு எத்தனை டெஸ்க்டாப் வரும்னு கணக்குப் போட்டுப் பாருங்க" என்றார் இன்னொருவர். பெங்களூரில் சர்வர் அறைகளுக்கு இயந்திரம் தேர்ந்தெடுப்பதும், அவை படுத்துக்கொண்டால் எழுப்புவதும்தான் பன்னிரண்டு வருஷமாக என் பிழைப்பு. அதனால் செயலாளர் என்னைப் பிடித்து இங்கே நிறுத்திவிட்டார்.

முதலில் ஒரு விஷயம். தொண்ணூறுகளில் படித்த அண்ணன்மார்களுக்கு சர்வர் என்றால் வேறு இனம். அதற்குள் ஸ்பார்க், ஆல்ஃபா என்று தனிக் குடும்பத்துச் சில்லுகள் இருந்தன. வீட்டு பி.சி.க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1995ல் இன்டெல்லின் பென்டியம் புரோ வந்தது. 1998ல் ஜியான் என்ற பெயர் வந்தது. 2003ல் ஏ.எம்.டி.யின் ஆப்டெரான் வந்தது. அதற்குப் பிறகு வீட்டுக் கணினியும் சர்வரும் பெரும்பாலும் ஒரே குடும்பமாகிவிட்டன. சர்வர் பிராசசர் என்றாலே வேகம் அதிகம் என்ற எண்ணம் அந்தப் பழைய காலத்து மிச்சம் என்று நினைக்கிறேன்.

இரண்டையும் நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாகப் பார்த்து எடுக்க வேண்டும். 2022 செப்டம்பரில் ஏ.எம்.டி. ரைசன் 9 7950எக்ஸ் என்ற டெஸ்க்டாப் பிராசசரை வெளியிட்டது. இரண்டு மாதத்தில், நவம்பரில், எபிக் 9654 என்ற சர்வர் பிராசசர் வந்தது. இரண்டிலும் இருப்பது ஜென் 4 என்ற ஒரே கோர். எட்டு கோர்களைக் கொண்ட சின்னச் சில்லு ஒன்றைத் தைவானில் டி.எஸ்.எம்.சி. தொழிற்சாலையில் 5 நானோமீட்டர் முறையில் செய்கிறார்கள். இதற்கு சிப்லெட் என்று பெயர். டெஸ்க்டாப்பில் இரண்டு சிப்லெட், ஆக 16 கோர். சர்வரில் பன்னிரண்டு சிப்லெட், ஆக 96 கோர். இதன் பிறகு, 2024ல், 192 கோர் உள்ள எபிக்கும் வந்துவிட்டது. ஆனாலும் இந்த ஜோடியை எடுத்ததற்குக் காரணம் கணக்கு சுலபமாக வரும் என்பதுதான்.

96ஐ 16ஆல் வகுத்தால் ஆறு. மற்றதையும் பாருங்கள். டெஸ்க்டாப்பில் மெமரிக்குப் போகும் பாதை இரண்டு, சர்வரில் பன்னிரண்டு. அங்கேயும் ஆறு மடங்கு. மூன்றாம் அடுக்கு கேஷ் 64 மெகாபைட், 384 மெகாபைட். அதுவும் ஆறு மடங்கு. விநாடிக்கு எவ்வளவு டேட்டா மெமரியிலிருந்து இழுக்கலாம் என்று பார்த்தால் டெஸ்க்டாப்பில் ஏட்டளவில் 83 கிகாபைட், சர்வரில் 460. கோருக்குப் பங்கு போட்டால் ஏறக்குறைய சமம், சொல்லப்போனால் டெஸ்க்டாப் கோருக்கு ஒரு துளி அதிகம். ஆக இந்த சர்வர் என்பது ஆறு டெஸ்க்டாப்பை ஒரு பெட்டியில் போட்டுக் கட்டியது மாதிரி.

விலை? வெளியான அன்று டெஸ்க்டாப் பிராசசர் 699 டாலர். ஆறு வாங்கினால் 4,194 டாலர். சர்வர் பிராசசர் ஒன்றே 11,805 டாலர்! போர்டு, ரேம், கேபினட் எல்லாம் தனி. ஒரு கோரின் உச்ச வேகமோ டெஸ்க்டாப்பில் 5.7 கிகாஹெர்ட்ஸ், சர்வரில் 3.7தான். விலை அதிகம், வேகம் கம்மி. பின்னே எதற்குத்தான் அந்தக் காசு? இதைப் புரிந்துகொண்டால் நம் பொதுக்குழுத் தகராறு பாதி தீர்ந்துவிடும்.

வேகம் ஏன் குறைந்தது என்று முதலில் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கே இது தெரியும். சில்லில் செலவாகும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தையும் அலைவெண்ணையும் பெருக்கினால் வருவதற்கு ஏற்ப ஏறும். அலைவெண்ணை ஏற்ற வேண்டுமானால் வோல்டேஜையும் ஏற்றியாக வேண்டும். அதனால் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்குக் கொடுக்கும் மின்சாரம் ஊதாரிச் செலவு. டெஸ்க்டாப்காரர் அந்தச் செலவைச் செய்கிறார். சர்வர்காரர் செய்வதில்லை. டெஸ்க்டாப்புக்குக் குறிக்கப்பட்ட அளவு 170 வாட், கோருக்குப் பத்து வாட்டுக்கு மேல். சர்வருக்கு 360 வாட், கோருக்கு நாலு வாட்கூட இல்லை. இந்த அளவை வைத்தே தோராயமாகக் கணக்குப் போட்டால், இரவு பகலாக வருஷம் முழுவதும் முழு வேலையில் ஓடும்போது ஆறு டெஸ்க்டாப் பிராசசர்கள் சுமார் 8,900 யூனிட் குடிக்கும். சர்வர் பிராசசர் சுமார் 3,150 யூனிட். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி.க்கு ஆகும் கரண்ட் தனி. ஆயிரக்கணக்கில் இயந்திரம் வைத்திருப்பவருக்கு இது உயிர் பிரச்சினை. மாலை ஆறு மணிக்குப் பூட்டும் ஆய்வகத்துக்கு? நீங்களே யோசியுங்கள்.

இனி வேலை எப்படிப்பட்டது என்ற கேள்வி. ஜீன் அம்டால் 1967ல் சொன்ன சங்கதியை எங்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்கள். அன்றைக்கு அது பரீட்சைக்குப் பத்து மார்க். இன்றைக்கு அதை வைத்துத்தான் நான் கொட்டேஷன் பார்க்கிறேன். டெஸ்க்டாப்பின் ஒரே கோரில் 100 நிமிஷம் ஓடும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். அதில் 20 நிமிஷ வேலையைப் பங்கு போடவே முடியாது, ஒருவரேதான் செய்தாக வேண்டும். மீதி 80 நிமிஷத்தைப் பிரிக்கலாம். 16 கோரில் 20 கூட்டல் 5, ஆக 25 நிமிஷம். 96 கோரில் அந்த 80 நிமிஷம் ஒரு நிமிஷத்துக்கும் கீழே போய்விடும், மொத்தம் 21 நிமிஷம் என்று வரும். ஆனால் சர்வர் கோர் மெதுவானது ஆயிற்றே! எல்லாக் கோரும் ஓடும்போது அங்கே 3.55, இங்கே சுமார் 5 என்று வைத்துக்கொண்டால், அந்த 21 நிமிஷம் 29 ஆகிவிடும். பதினேழு மடங்கு காசு கொடுத்து நாலு நிமிஷம் தாமதமாக விடை வாங்குகிறோம்.

பிரிக்க முடியாத பங்கு 20 நிமிஷத்துக்குப் பதில் 5 நிமிஷம் என்றால்? டெஸ்க்டாப்புக்கு 11 நிமிஷம், சர்வருக்கு எட்டரை. ஜெயிக்கிறது, ஆனால் பதினேழு மடங்குக்கு ஏற்ற ஜெயிப்பு இல்லை. சரி, அறுபது மாணவர்கள் அறுபது தனித்தனி நிரல் ஓட்டுகிறார்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, அப்போது? அப்போது சர்வர் வேண்டியதே இல்லை, ஆறு டெஸ்க்டாப்புகளும் ஆளுக்குப் பத்து நிரலாக எடுத்துக்கொண்டு சர்வரைவிடச் சீக்கிரம் முடித்துவிடும்.

இதுவரை கேட்டால் நான் சர்வருக்கு எதிர்க்கட்சி மாதிரித் தெரியும். இல்லை. இப்போதுதான் அதன் பக்கம் வருகிறேன்.

ஆயிரம் பேர் சாப்பிடும் கல்யாணத்துக்கு ஆறு வீட்டு அடுப்பில் சாதம் வடித்துக்கொண்டு வரலாம். சாம்பார் ஒரே ருசியாக இருக்க வேண்டும் என்றால் ஒரே அண்டா வேண்டும். இந்த டெஸ்க்டாப் பிராசசருக்கு அதிகாரபூர்வமாகச் சொன்ன மெமரி 128 கிகாபைட் வரை. ஆறு பெட்டியில் ஆறு 128 இருக்கும், ஆனால் இடையில் சுவர். இந்த சர்வர் பிராசசரோ 6 டெராபைட் வரை ஏற்கும், 96 கோரும் அதைப் பொதுவில் பார்க்கும். ஒரு பாலத்தையோ ஒரு விமான இறக்கையையோ லட்சக்கணக்கான துண்டுகளாகப் பிரித்து ஆராயும் மாதிரி 300 கிகாபைட் கேட்டால் டெஸ்க்டாப்பில் அதை ஏற்றவே முடியாது. வேகம் என்ற பேச்சே எழாது. "ஆறு பெட்டியையும் நெட்வொர்க்கில் கோர்த்துவிடலாமே" என்பீர்கள். கோர்க்கலாம், நன்றாக எழுதிய நிரல்கள் அப்படியும் ஓடும். ஆனால் சொந்த மெமரியை எட்ட ஒரு கோருக்கு ஆகும் நேரம் சுமார் 100 நானோ விநாடி. சாதாரண ஈதர்நெட் கம்பி வழியே பக்கத்துப் பெட்டியைக் கேட்டால் சில நூறு மடங்கு அதிகம். அடிக்கடி பேசிக்கொள்ள வேண்டிய கணக்கு அங்கேயே படுத்துவிடும்.

வட்டு, கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு செருகும் பாதைகளும் அப்படித்தான். டெஸ்க்டாப்பில் 28, சர்வரில் 128. கோர் இருக்கும் சிப்லெட் இரண்டுக்கும் பொது என்றேன் அல்லவா? நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இணைக்கும் சில்லுதான் வேறு. நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசில் பெரும் பங்கு அந்த நடுச்சில்லு செய்யும் வேலைக்கு என்று சொன்னால் தப்பில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 2003 மே 18ஆம் தேதி பெல்ஜியத்தில் தேர்தல். பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்தில் ஸ்கார்பேக் என்ற நகராட்சியில் மின்னணு வாக்கெண்ணிக்கை. ஒரு வேட்பாளருக்கு விழவே முடியாத அளவு ஓட்டு விழுந்ததாகக் காட்டியது இயந்திரம். மறுபடி எண்ணினார்கள். முதலில் வந்தது சரியாக 4,096 ஓட்டு அதிகம். மாணவர்கள் சிரிக்கிறீர்கள், புரிந்துவிட்டது. 4,096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. நிரலை அலசிப் பார்த்தும் தப்பு அகப்படவில்லை. மெமரியில் பதிமூன்றாவது பிட் ஒன்று பூஜ்யத்திலிருந்து ஒன்றாகத் தானே புரண்டிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்தான் புரட்டியது என்று பலர் எழுதினார்கள், அதை நிரூபிக்க வழியில்லை. என்னைப் பயமுறுத்துவது வேறு. எண்ணிக்கை அசாத்தியமாக இருந்ததால்தான் கண்டுபிடித்தார்கள். அதே தப்பு நாலாவது பிட்டில் நடந்து எட்டு ஓட்டு கூடியிருந்தால்?

இதற்கு மருந்து 1950லேயே பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த வழியில் வந்ததுதான் ஈ.சி.சி. மெமரி. 64 பிட் தகவலுக்கு 8 பிட் காவல் என்பது நெடுநாள் வழக்கம். ஒரு பிட் புரண்டால் தானே திருத்திவிடும், இரண்டு புரண்டால் "தப்பு நடந்துவிட்டது" என்று கத்தும். இது ஏதோ அபூர்வம் என்று நினைக்காதீர்கள். டொராண்டோ பல்கலைக்கழகமும் கூகுளும் சேர்ந்து கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009ல் ஒரு கட்டுரை வெளியிட்டன. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இப்படித் திருத்தப்பட்ட பிழையைச் சந்தித்திருந்தன. "டி.டி.ஆர். 5 ரேமில் ஈ.சி.சி. உள்ளேயே இருக்கே?" என்று கேட்கும் தம்பிக்கு ஒரு வார்த்தை. அது ரேம் சில்லுக்குள் மட்டும் பார்த்துக்கொள்ளும். அங்கிருந்து பிராசசர் வரை வரும் வழியில் நடக்கும் கோளாறு அதற்குத் தெரியாது.

என் நண்பர் ஒருவர் கட்டட வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் இருக்கிறார். பெயர் வேண்டாம். சாதாரண ரேம் போட்ட டெஸ்க்டாப்பில் ஒரே மாதிரியை இரண்டு தடவை ஓட்டினார்கள். இரண்டு விடை வந்தது. மென்பொருளைத் திட்டினார்கள், புதிதாகச் சேர்ந்த பையனைத் திட்டினார்கள். பதினைந்து நாள் கழித்துத் தெரிந்தது, ஒரு ரேம் கார்டு பழுது. இரண்டாவது தடவை ஓட்டாமல் விட்டிருந்தால் முதல் விடையே வரைபடத்துக்குப் போயிருக்கும். அதை நம்பிக் கம்பி கட்டியிருப்பார்கள்.

ஆகவே காசு கொடுப்பது தப்பு வராமல் இருப்பதற்கு அல்ல, தப்பு வந்தால் நமக்குத் தெரிவதற்கு. சர்வர் பிராசசரும் கடவுள் அல்ல. 2021ல் கூகுள் பொறியாளர்கள் எழுதினார்கள், பல ஆயிரம் இயந்திரங்களுக்குச் சில கோர்கள் என்ற கணக்கில், பார்க்க நன்றாக இருந்தே சத்தமில்லாமல் தப்பாகக் கணக்குப் போடுகின்றன என்று. அன்றைக்கு ஃபேஸ்புக் என்ற பெயரில் இருந்த மெட்டா நிறுவனமும் அதே வருஷம் ஓர் உதாரணம் தந்தது. 1.1ஐ 53 தடவை பெருக்கி முழு எண்ணை எடுத்தால் 156 வர வேண்டும். ஒரு கோரில் மட்டும் பூஜ்யம் வந்தது! இதை ஈ.சி.சி. மெமரி பிடிக்காது, காரணம் தப்பு நடந்தது மெமரியில் அல்ல. விடையைச் சரிபார்க்கும் புத்தி நமக்குத்தான் வேண்டும்.

சரி, நம் ஆய்வகத்துக்கு வருகிறேன். ஈ.சி.சி. வேண்டும் என்பதற்காக சர்வரே வாங்க வேண்டியதில்லை. இந்தச் செய்தி பலருக்குத் தெரியாது. ரைசன் வரிசையில் போர்டு ஒத்துழைத்தால் ஈ.சி.சி. ஓடும். இன்டெல்லில் பன்னிரண்டாம் தலைமுறை முதல் டபிள்யூ 680 சிப்செட் உள்ள போர்டில் பல டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு ஓடும். இதைச் சாதாரண மக்களுக்கு எட்டாமல் வைத்தார்கள் என்று லினக்ஸ் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில் இன்டெல்லை வெளிப்படையாகவே வறுத்தெடுத்தார். கடைக்காரர் "ஈ.சி.சி. எதுக்கு சார்?" என்பார். கொட்டேஷனில் எழுத்தில் கேளுங்கள், வந்தபின் ஓடுகிறதா என்று இயக்க முறைமையில் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

என் ஓட்டு இதுதான். மாணவர் ஆய்வகத்துக்கு ஈ.சி.சி. ரேம் போட்ட 16 கோர் டெஸ்க்டாப் நாலைந்து. ஒன்று படுத்தால் மற்றவை ஓடும், வகுப்பு நிற்காது. ஒற்றைப் பெரிய சர்வர் வாங்கினால், அது பழுதாகி உதிரிப்பாகத்துக்குக் காத்திருக்கும் நாட்களில் அறுபது பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். இது ஆய்வகத்துக்கு. ஆராய்ச்சி மாணவர்கள் விஷயம் வேறு. அவர்களிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்று துறைத் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மாதிரிக்கு எத்தனை கிகாபைட் மெமரி ஆகிறது? எத்தனை நாள் நிற்காமல் ஓடுகிறது? மென்பொருளின் லைசன்ஸ் எத்தனை கோருக்கு? கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். கோருக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் மென்பொருள்கள் உண்டு. அதற்காகவே 16 கோர் மட்டும் உள்ள எபிக் 9174எஃப் என்ற பிராசசரை 256 மெகாபைட் கேஷோடு விற்றார்கள், விலை 3,850 டாலர். பிராசசரைவிட லைசன்ஸ் விலை அதிகம் என்ற ஊரில் அது மலிவு. நம் ஆராய்ச்சி மாணவர்களில் ஒருவருக்காவது 200 கிகாபைட்டுக்கு மேல் நிஜமாகத் தேவை என்று தெரிந்தால், அடுத்த வருஷ நிதியில் சர்வர் வாங்க நானே முதல் ஆளாகப் பணம் கட்டுகிறேன். தேவை தெரியாமல் இந்த வருஷம் வேண்டாம்.



(கேள்வி நேரத்தில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் கேட்டது, பலருக்கும் பயன்படும் என்பதால்: "அண்ணா, ரிச்சி தெருவுல பழைய ஜியான் பிராசசர் சல்லிசா கிடைக்குது, பதினாலு கோராம். வாங்கலாமா?" 2016ல் வந்த ஈ5-2680 வி4 போன்றவற்றைத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். டேட்டா சென்டர்களில் ஓடி ஓய்வு பெற்றவை. கேம் பறக்கும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதேம்மா என்றேன். அதன் உச்ச வேகமே 3.3 கிகாஹெர்ட்ஸ், 2022ல் வந்த ஆறு கோர் ஐ5-12400 ஏறக்குறைய அந்தப் பதினாலுக்கும் ஈடு கொடுக்கும், கரண்டும் ஏறத்தாழப் பாதிதான். ஆனால் ஒரே பெட்டியில் பத்து மெய்நிகர் கணினி ஓட்டிப் பழக வேண்டும், நிறைய ரேம் வேண்டும், விலை குறைவாக வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். நாலு மெமரிப் பாதை, ஈ.சி.சி. இரண்டும் அதில் உண்டு. போர்டு மட்டும் பெயர் தெரிந்த கம்பெனியுடையதா என்று திருப்பிப் பார்த்து வாங்கச் சொன்னேன்.)